அக்கராயன் கூலியாளின் இரண்டு விரலுக்கு எத்தனை வீதம்?

வன்னியில் லாண்ட்மாஸ்டர் என்றே எல்லோரும் சொல்லும் இரண்டு சில்லு உழவியந்திரத்துக்கு வட்டச் சுக்கான் கிடையாது. நீண்ட கைபிடிகள் இரண்டின் கீழும் ஒவ்வொரு நெம்பு இருக்கும். இடப்பக்கம் திருப்ப இடக்கை விரல்களால் அந்த நெம்பை இறுக்க வேண்டும். அந்தப் பக்கச் சில்லுக்குப் போகிற விசை அறுபடும். மற்றச் சில்லு தள்ளித் திருப்பும். சேற்று வயலில், எந்திரம் தோள்வரை அதிரும்போது, வரம்போரம் வரும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். பெருவிரல் கைபிடியைப் பற்றிக்கொள்ளும், மற்ற நான்கு விரல்களும் நெம்பை இழுக்கும். அந்த நான்கில் இரண்டு இல்லாமற் போனவர் எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நேரே போகலாம். திருப்புவது பெரும்பாடு. திருப்ப முடியாதவரை உழவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த இரண்டு விரலுக்குச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பிற்காலத்தில் திருத்தி எழுதிய அட்டவணையின்படி, ஒரு கையில் இரண்டு விரல் போனால் உழைக்கும் திறனில் 20 வீதம் போனதாகக் கணக்கு. மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. பெருவிரல் தனித்து 30. மற்றக் கண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இதே வார்ப்பில் வந்தது. காயங்களின் அட்டவணை ஒன்று, சம்பளத்துக்கு ஏற்ற தொகைகளின் அட்டவணை இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் நிரந்தர உறுப்பிழப்புக்கான நட்டஈடு வந்துவிடும் என்பது சட்டத்தின் ஏற்பாடு.

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியின் முறிகண்டியிலிருந்து மேற்கே உள்ளே போகிற அக்கராயனில் இந்தப் பெருக்கல் அரிதாகவே நடக்கிறது. குளத்து நீரில் நெல் விளையும் ஊர் அது. உழவு, அறுவடை, சூட்டு மெசின், மில், மரம் அரிதல், மணல் ஏற்றல், வீடு கட்டல், பனை சீவல் எல்லாம் கையையும் காலையும் பணயம் வைக்கிற தொழில்கள். காயம் நடக்காமலில்லை. நட்டஈடு ஏன் வந்து சேர்வதில்லை என்பதற்கு ஊரார் சொல்லும் காரணம் எங்கள் சனத்துக்குச் சட்டம் தெரியாது என்பது. அது அரை உண்மைதான். பெரிய காரணம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. காயத்தின் சுமையை யார் தூக்க வேண்டும் என்பதில் 1934இல் எடுத்த முடிவு, அக்கராயன் போன்ற ஒரு விவசாய ஊரை எண்ணிப் பார்த்து எடுத்த முடிவல்ல.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு நூற்றாண்டு பின்னே போக வேண்டும். 1837இல் இங்கிலாந்தில் பிறீஸ்ட்லி என்ற இறைச்சிக்கடை வேலையாள், பாரம் கூடிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை முறிந்து, முதலாளி மீது வழக்குப் போட்டார். மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வேலைக்குச் சேருகிறவன் அந்த வேலையின் ஆபத்துகளையும் ஏற்றுக்கொண்டே சேருகிறான் என்ற கொள்கை அந்த வழக்கின் வழியே வேரூன்றியது. அதற்குப் பிறகு இரண்டு தலைமுறைக்குத் தொழிற்சாலைகளில் கையிழந்தவர்கள் முதலாளியின் பிழையை நிரூபித்தாலொழிய எதுவும் பெறவில்லை. இதிலிருந்து ஐரோப்பா இரண்டு வழிகளில் வெளியே வந்தது. 1884இல் பிஸ்மார்க்கின் ஜேர்மனி, முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கட்டும் காப்புறுதி நிதியங்களை உண்டாக்கியது. முற்றாக இயலாமற் போனவருக்குச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியமாக அந்த நிதியத்திலிருந்து போகும். 1897இல் பிரித்தானியா வேறு வழி எடுத்தது. முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையிலிருந்து எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்து என்றாலே போதும். ஆனால் பணம் அந்தந்த முதலாளியின் பையிலிருந்தே வர வேண்டும்.

பிரித்தானிய வழிதான் 1923இல் இந்தியாவுக்கும் 1934இல் இலங்கைக்கும் வந்தது. இலங்கையில் அப்போது டொனமூர் யாப்பின் கீழ் அரச சபை நடந்துகொண்டிருந்தது. தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராக 1931 முதல் 1936 வரை இருந்தவர் பெரி சுந்தரம், மலையகத் தமிழரான ஒரு சட்டத்தரணி. தேயிலைத் தொழிற்சாலையில் உருளைக்குள் கை அகப்பட்ட ஒருவர் தோட்டத்துரையின் தயவை எதிர்பார்த்து நிற்காமல், உரிமையாக ஒரு தொகையைக் கேட்கலாம் என்ற நிலை அந்தச் சட்டத்தோடு வந்தது. அன்றைக்கு அது பெரிய காரியம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தோட்டத்துக்கு ஒரு கம்பனி உண்டு, சம்பளப் புத்தகம் உண்டு, துரை உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு. சட்டம் கேட்கிற ஒவ்வொரு விடயத்துக்கும் அங்கே ஒரு தாள் இருந்தது.

இந்த வழியை உண்டாக்கிய பிரித்தானியாவே பின்னர் அதைக் கைவிட்டது என்பதை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1946இல் இயற்றி 1948இல் நடைமுறைக்கு வந்த தேசிய காப்புறுதி (தொழிற்காயங்கள்) சட்டத்தின் மூலம், தொழிற்காயத்தின் சுமை தனி முதலாளியின் தோளிலிருந்து பொது நிதியத்துக்கு மாறியது. காயப்பட்டவருக்கு அந்த நிதியத்திலிருந்து ஓய்வூதியம் வந்தது. இந்தியாவும் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றி, அமைப்புசார் தொழிலாளரில் ஒரு பகுதியை அதன் கீழ்க் கொண்டுவந்தது. அங்கே நிரந்தரமாக முற்றாக இயலாமற் போனவருக்கு ஊதியத்தின் 90 வீதம் மாதாமாதம் போகிறது. பகுதி இழப்புக்கு அதற்கேற்ற விகிதம். முதலாளி ஓடிப்போனாலும், கடை மூடினாலும், கட்டுத்தொகை கட்டாமல் விட்டாலும் காயப்பட்டவரின் மாதப்பணம் நிற்பதில்லை. இலங்கை மட்டும் 1934இன் வழியிலேயே நின்றுவிட்டது. தொகைகளைத் திருத்தினோம். யார் கொடுப்பது என்ற கேள்வியைத் திருத்தவில்லை.

அட்டவணைக்கு மீண்டும் வருவோம், அதில் பார்க்க நிறைய இருக்கிறது. 1923இன் முதல் அட்டவணை மிகச் சிறியது. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70 வீதம். இடக்கை என்றால் 60. முழங்காலிலோ அதற்கு மேலோ கால் போனால் 60. இரண்டு காதும் முற்றாகக் கேளாமற் போனால் 50. ஒரு கண் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற எந்த விரலும் 5. வலக்கைக்கும் இடக்கைக்கும் 10 வீத வித்தியாசம் வைத்தவர்களின் மனதில், ஒரு கையால் முக்கிய வேலையைச் செய்து மறு கையால் தாங்கிக்கொடுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளி இருந்திருக்க வேண்டும். லாண்ட்மாஸ்டரின் இரு நெம்புக்கும் இரு கையும் சமம். பனைமரத்தில் ஏறுகிறவருக்கு இடக்கை அணைத்துக்கொள்ள, வலக்கை சீவும்; அணைக்கிற கை போனால் சீவுகிற கையால் பயனில்லை. மண்வெட்டி பிடிக்கிறவருக்கோ வலுவெல்லாம் இரு கையின் பிடியிலும் பிரிந்து நிற்கிறது. கையின் பெறுமதி அது செய்கிற வேலையோடு சேர்ந்தது. வேலையிலிருந்து பிரித்தெடுத்த கைக்கு விலை போட முயன்றது அந்த அட்டவணை.

மருத்துவம் அளப்பது ஒன்று, சட்டம் கொடுக்க வேண்டியது இன்னொன்று. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, விரல் எந்தக் கணுவில் வெட்டுப்பட்டது, பார்வை எவ்வளவு என்று வைத்தியர் அளக்கலாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1971இல் இதற்கென்றே பெரிய நூலொன்றை வெளியிட்டு, இன்றுவரை திருத்திக்கொண்டு வருகிறது. உடலுறுப்பின் குறைவை அளப்பதே அந்த நூலின் வேலை. அந்தக் குறைவோடு ஒருவர் எவ்வளவு உழைப்பார் என்பதை அவர் செய்த தொழில், வயது, படிப்பு, ஊரில் கிடைக்கிற வேறு வேலை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் கணக்கு இலகு. அந்த இலகுக்காகக் காயப்பட்டவர் நட்டப்படுகிறார்.

இதை இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில் தெளிவாகக் கண்டது. ஒரிசாவில் 1968இல் ஒரு சினிமா மண்டபத்தின் அலங்கார வேலையில் இருந்த தச்சர் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. அட்டவணைப்படி அது பகுதி இழப்பு மட்டுமே என்று வேலை கொடுத்தவர் வாதாடினார். இழப்பீட்டு ஆணையரோ, ஒற்றைக்கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 வீதம் என்று தீர்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1975 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஆணையர் பக்கம் நின்றது. விபத்து நேரத்தில் அவர் செய்யக்கூடியதாயிருந்த வேலைகள் அத்தனைக்கும் இயலாமற் போயிற்றா என்பதே சட்டத்தின் கேள்வி. தச்சரைப் பொறுத்தவரை பதில் ஆம். இழப்பீடு விபத்து நடந்த அன்றைக்கே கொடுபடவேண்டியதாகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பிந்தினால் வட்டியும் தண்டமும் உண்டு. 2010இல் ராஜ்குமார் என்பவரின் வீதிவிபத்து வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் விளக்கியது. இடக்கை போன சாரதிக்கும் தச்சருக்கும் வருமான இழப்பு ஏறக்குறைய 100 வீதம் ஆகலாம். அதே கையை இழந்த அரசு எழுதுவினைஞர் தன் வேலையிலேயே தொடரலாம். கை ஒன்று, இழப்பு வேறு.

அக்கராயனில் ஒரு காயத்தை மதிப்பிட வேண்டி வந்தால் இந்த இரண்டு தீர்ப்புகளின் நியாயத்தையும் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே ஒருவருக்கு ஒரு தொழில் இல்லை. காலபோகத்தில் உழுவார், வெட்டு முடிந்ததும் மூட்டை ஏற்றுவார், வெயிற்காலத்தில் மேசனோடு கல்லரிவார், இடையில் மணல் ஏற்றப் போவார், தன் காணியில் கச்சானும் பயறும் போடுவார். விபத்து நடந்த நாளில் அவர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையின் கூலியை மட்டும் எடுத்து மாதச் சம்பளம் போட்டால், அவருடைய ஆண்டு முழுவதும் கணக்கில் வராது. தன் காணியில் அவர் போடுகிற உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் சம்பளம் என்ற பெயரே இல்லை. பெண்களுக்கு இது இன்னும் பெரிய ஓட்டை. போருக்குப் பின் வன்னியில் குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் பலர். களை பிடுங்கி, நாற்று நட்டு, கச்சான் பிடுங்கிக் கிடைக்கும் கூலி ஆணின் கூலியிலும் குறைவு. நட்டஈடு கூலியைப் பெருக்கி வருவதால், குறைந்த கூலி குறைந்த விரலாகிவிடுகிறது.

இனித் தொகைக்கு வருவோம். இலங்கையில் 2005இன் திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாய் ஆக்கியது. பதினேழு ஆண்டு அது அப்படியே இருந்தது. 2022இல் அதை 2,000,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். விடிகாலையில் பேருந்தில் அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிற கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது மாற்றம் மெய்யான நன்மை. முதலாவது மாற்றத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2005இல் ஒரு டொலர் ஏறக்குறைய 100 ரூபாய், ஆகவே அன்றைய உச்சம் ஏறக்குறைய 5,500 டொலர். 2022இன் நடுவில் ரூபாய் சரிந்து டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது 20 லட்சத்தின் பெறுமதியும் ஏறக்குறைய 5,500 டொலர்தான். எண் ஏறக்குறைய நான்கு மடங்காகத் தெரிகிறது, காயப்பட்டவர் வாங்கக்கூடிய செயற்கை மூட்டோ சக்கர நாற்காலியோ அதே இடத்தில் நிற்கிறது. உச்சம் எல்லோருக்கும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அது மேல்சம்பளக்காரரின் முற்றான இழப்புக்கானது.

வயது இன்னொரு குறை. இலங்கையின் அட்டவணை சம்பளத்தைப் பார்க்கிறது, வயதைப் பார்ப்பதில்லை. 22 வயதில் கையிழந்தவருக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்புக் காலம் கிடக்கிறது. 58 வயதில் இழந்தவருக்குச் சில ஆண்டுகள். இருவருக்கும் ஒரே தொகை. இந்தியா 1984இன் திருத்தத்தில் இதைச் சரிசெய்தது. முற்றான நிரந்தர இழப்புக்கு மாத ஊதியத்தின் 60 வீதத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 25 வயதுக்கு அந்த எண் 216.91, 50 வயதுக்கு 153.09. கணக்குக்கு எடுக்கும் ஊதியத்தின் வரம்பை 2020இல் 15,000 இந்திய ரூபாய் ஆக்கினார்கள். அதன் 60 வீதம் 9,000. ஆகவே 25 வயதுக்காரருக்கு முற்றான இழப்பென்றால் 19,52,190 ரூபாய், 50 வயதுக்காரருக்கு 13,77,810. பெருவிரலின் 30 வீதம் என்றால் இளையவருக்கு ஏறக்குறைய 5,85,000. இந்த முறையிலும் குறை உண்டு, ஆனால் ஒருவர் முன்னே எத்தனை ஆண்டு கிடக்கிறது என்று கேட்கவாவது செய்கிறது. போரில் ஒரு தலைமுறையை இழந்து, எஞ்சிய இளையோர் கூலிக்குப் போய்த்தான் குடும்பத்தைத் தூக்க வேண்டியிருக்கும் வன்னியில் அந்தக் கேள்வி மிக அவசியம்.

சட்டம் அக்கராயன் கூலியாளை வெளியே தள்ளிவிடவில்லை. எழுத்தில் இருந்தாலும் வாய்ப்பேச்சாக இருந்தாலும், வெளிப்படையாகச் சொன்னாலும் நடத்தையால் விளங்கினாலும், வேலை ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்கிறது அது. தற்செயலான வேலை, அதுவும் வேலை கொடுத்தவரின் தொழிலோடு சம்பந்தமில்லாத வேலை என்றால்தான் விலக்கு. நெல் விதைக்கிறவருக்கு நெல்தான் தொழில். அவர் வயலில் மூட்டை தூக்கியவர் ஒரு நாளைக்கே வந்திருந்தாலும், சட்டத்தின் எழுத்துப்படி அவரும் வேலையாள் என்றே நான் வாசிக்கிறேன். ஒப்பந்தகாரர் ஒருவர் இடையில் இருந்தால் மேலே வேலை கொடுத்தவரையும் கேட்கலாம். தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் செல்லாது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

நடைமுறையில் பாருங்கள். ஐந்து ஏக்கர் வயல்காரர் ஒருவர், வெட்டு மெசினை வாடகைக்கு எடுக்கிறார். மெசின் சொந்தக்காரர் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். மெசினோடு வருகிற ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் நாட்கூலியை ஓர் இடைத்தரகர் கொடுப்பார். நெல்லைச் சாக்கில் பிடிப்பதற்கு வயல்காரர் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனைக் கூப்பிடுகிறார். சுழல்கிற பகுதியில் வைக்கோல் சிக்கிவிட, எடுக்கப்போன பொடியனின் கை அகப்படுகிறது. யார் முதலாளி? வயல்காரரா, தரகரா, மெசின்காரரா? மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். காயப்பட்டவரிடம் கேட்டால், "நான்தானே கையை விட்டனான், ஆரைப் போய்க் கேக்கிறது?" என்பார். தன் பிழையென்று அவர் நினைப்பதில் சட்டத்துக்கு அக்கறையில்லை, பிழை யாருடையது என்று அது கேட்பதே இல்லை. மதுவெறி, கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவைதான் முதலாளிக்குரிய தப்பு வழிகள். மூடியே இல்லாமல் வயலுக்கு வந்த மெசினில் மூடியைக் கழற்றினான் என்று சொல்ல இடமில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ஆள் இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. அந்த வயல்காரர் பொடியனுக்கு மாமா முறை. பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும் கோயில் பூசைக்கும் ஒன்றாய் நின்றவர். இடம்பெயர்ந்து ஒரே மரத்தின் கீழ் இருந்தவர். அவரும் வங்கியில் நகை அடகு வைத்து விதைத்தவர். அவரிடம் பெருவிரலுக்குச் சில லட்சம் கேட்டால் அவர் காணியை விற்க வேண்டும். ஆகவே மாமா ஒரு மாதம் வைத்தியசாலைச் செலவு பார்ப்பார், அரிசி கொடுப்பார், பின்னர் இருவரும் ஒன்றும் பேசாமல் விடுவார்கள். இது அன்பில்லாமல் நடக்கிற காரியமல்ல. ஒரு ஏழையின் காயத்துக்கு இன்னொரு ஏழையின் காணியை ஈடாகக் கேட்கிற சட்டத்தை மனச்சாட்சியுள்ள எவரும் பயன்படுத்தத் தயங்குவார்கள். தேயிலைக் கம்பனிக்கும் நூற்பாலைக்கும் பொருந்திய தனி முதலாளிப் பொறுப்பு, சிறு விவசாயி இன்னொரு சிறு விவசாயிக்கு முதலாளியாகிற ஊரில் உரிமையாக இயங்க முடியாது.

அக்கராயனைச் சுற்றியே வேறுபாட்டைக் காணலாம். பளைப் பக்கத்து முகமாலையில் மிதிவெடி அகற்றுவோரில் வன்னிப் பெண்கள் கணிசமானோர். அந்த நிறுவனங்கள் தம் பணியாளருக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. அங்கே வேலையில் ஒருவர் காலிழந்தால், தொகை போதுமோ போதாதோ, கேட்க ஓர் இடமுண்டு. அதே வகை வெடி, விறகு பொறுக்கப் போன ஒருவரின் காலை எடுத்தால் அவர் 2018இன் சட்டத்தில் உருவான இழப்பீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெட்டு மெசினில் கால் போனவருக்கு இரண்டும் இல்லை. வெட்டுப்பட்ட இடம் ஒன்றேயானாலும் மூவரும் நிற்கிற இடம் வேறு. அரச ஒப்பந்தம் எடுத்து வீதியும் பாலமும் கட்டும் பெரிய கம்பனிகள் வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி எடுப்பது வழக்கம். வீட்டுத்திட்டத்தில் மேசனோடு கல் தூக்கியவருக்கு அது எட்டுவதில்லை. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களின் சீவல் தொழிலாளர் நிலைமை இன்னும் சிக்கல். அவர் சங்கத்தின் உறுப்பினர், சங்கத்துக்குக் கள்ளு கொடுப்பவர். சங்கத்தின் வேலையாளா என்று கேட்டால் பதில் எளிதல்ல. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தால் எந்த அட்டவணையும் அவருக்குத் தானாகத் திறப்பதில்லை.

1987இல் விவசாயிகளுக்கென ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் தருகிற திட்டம் சட்டமானது. இயலாமை ஏற்பட்டால் கொடுப்பனவும் அதில் உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் விவசாயியே தவணை கட்டித் தன்னைக் காக்கிற திட்டம் அது. நிதி வற்றி இடையில் ஓய்வூதியக் கொடுப்பனவே நின்றுபோன காலமும் உண்டு. கூலிக்கு வேலை செய்பவர் கூலியிலிருந்தே தவணை கட்டித் தன் விரலைத் தானே காப்புறுதி செய்ய வேண்டும் என்றால், 1897இன் சட்டம் மாற்றியமைத்த பழைய நியாயத்துக்கே, பிறீஸ்ட்லியின் நியாயத்துக்கே, திரும்பிப் போகிறோம்.

ஆகவே நிதியம் வேண்டும், அதற்குப் பணம் வேலையின் பக்கமிருந்து வர வேண்டும். எப்படி என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு முன்மாதிரி உண்டு. 1967இல் நீதிபதி வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு, காயம் வேலையிலா வீதியிலா வீட்டிலா நடந்தது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நிதியத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றது. 1974 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வாகனப் பதிவு, எரிபொருள், சம்பளம் ஆகியவற்றின் மீதான அறவீடுகளால் அந்த நிதியம் நடக்கிறது. அந்த நாடு செல்வமானது, அப்படியே இங்கே நடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூறு வன்னிக்குப் பொருந்தும். வீதியில் ஓடுகிற உழவியந்திரத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி இலங்கையில் கட்டாயம். சொந்தக்காரர் ஆண்டுதோறும் அதைக் கட்டுகிறார். வீதியில் அந்த மெசின் மோதி வழிப்போக்கர் கையிழந்தால் காப்புறுதி பேசுகிறது. அதே மெசின் வரம்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கி உதவியாளின் கையை எடுத்தால் வாய் மூடிக்கொள்கிறது. உழவியந்திரம், வெட்டு மெசின், மில் ஆகியவற்றின் பதிவோடும் காப்புறுதியோடும் சிறு தொகையொன்றைச் சேர்த்து, அந்த மெசினில் வேலை செய்யும் எவருக்கும், அவரை யார் கூப்பிட்டிருந்தாலும், வயலிலும் பொறுப்பேற்கும்படி செய்யலாம். முதலாளி யார் என்ற சண்டைக்கு இடமில்லை. மாமாவின் காணிக்கும் ஆபத்தில்லை. கொடுப்பதும் ஒரே தடவையாக இல்லாமல் மாதாமாதமாக இருக்க வேண்டும். 20 வயதில் கையில் கிடைத்த சில லட்சம் கடனுக்கும் வீட்டுக் கூரைக்கும் போய்விடும், கை இல்லாமல் நாற்பது ஆண்டு மிச்சம் கிடக்கும்.

அது வரும்வரை இருக்கிற சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வழிகள் உண்டு, அவை காயம் நடந்த நாளிலேயே தொடங்குகின்றன. வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, மெசினில் கை அகப்பட்டவர் கூட விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவதுண்டு, பொலிசுக்கும் கோட்டுக்கும் மாமாவை இழுக்கக் கூடாது என்ற பயத்தில். அந்த ஒரு சொல் நோயாளியின் பதிவில் ஏறிவிட்டால் பின்னர் வேலைக்காயம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். எந்த வேலையில், யாருடைய வயலில், எந்த மெசினில் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். அதனால் யாரும் குற்றவாளியாகிவிடுவதில்லை, பிழையற்ற பொறுப்புத்தான் இந்தச் சட்டத்தின் அடிப்படை. வேலை கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். கூலி கொடுத்த நாட்களையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், சம்பளத் துண்டு இல்லாதவருக்கு அதுவே சான்றாகலாம். காயம் ஆறி, வைத்தியர் நிரந்தர இழப்பை மதிப்பிடும்போது, அவர் என்ன தொழில் செய்தார், இனி எதைச் செய்ய இயலாது என்பதையும் அறிக்கையில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். வைத்தியர் இரண்டு விரல் என்று மட்டும் எழுதினால் நட்டஈட்டைத் தீர்மானிக்கும் ஆணையாளர் அட்டவணையைத்தான் பார்ப்பார். இரு சில்லு உழவியந்திரத்தை இனித் திருப்ப இயலாது, மண்வெட்டி பிடிக்க இயலாது, மூட்டை தூக்க இயலாது என்று எழுதினால், ஒரிசாத் தச்சருக்கு எழுந்த அதே கேள்வியை இங்கேயும் எழுப்பலாம்.

கிராம சேவகர், விவசாயிகள் சம்மேளனம், கிளிநொச்சித் தொழில் அலுவலகம், அக்கராயன் வைத்தியசாலை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டாலே இதில் பாதி வேலை முடிந்துவிடும். சம்மேளனக் கூட்டத்தில் காலபோக விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கும்போது, அந்தப் போகத்துக்கு ஊருக்குள் வரப்போகிற வெட்டு மெசின்களின் சொந்தக்காரர் யார், காப்புறுதி இருக்கிறதா, பெல்ட் மூடி இருக்கிறதா என்று கேட்டு ஒரு பட்டியலும் எழுதலாம். தைமாதம் மெசின்கள் வரிசையாக உள்ளே வரும்போது அந்தப் பட்டியல் சம்மேளனத் தலைவர் கையில் இருக்க வேண்டும்.